ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘அவள்’

போன மாதம் ஒரு மாலை, அக்காவின் மகள் ஒற்றை றூள் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. மட்டக்களப்பின் கல்லடியில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகள்தான். “சின்னம்மா, இந்த வாக்கியம் மட்டும் சரிவரவில்லை” என்றாள். எழுதி அழித்து எழுதி அழித்து, அந்த இடத்தில் மட்டும் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. மிஞ்சியிருந்த வரி இது: ‘அவள் தன் கையை நீட்டினாள், அவள் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள்.’

பொழுதுபோக்காக அவள் தமிழாக்கிக்கொண்டிருந்தது மலிண்டா லோ எழுதிய ‘ஆஷ்’. 2009இல் வெளிவந்த இளையோர் நாவல். சிண்ட்ரெல்லா கதைதான், மாற்றாந்தாய் இருக்கிறாள், காட்டில் தேவதைகள் இருக்கிறார்கள், இளவரசனும் இருக்கிறான். ஆனால் அந்தப் பெண்ணின் மனம் போய் நிற்பது அரசனின் வேட்டைத் தலைவியான கைசாவிடம். அந்த உலகத்தில் ஒருவரும் அதைப் பார்த்துத் திடுக்கிடுவதில்லை. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புவது அங்கே மழை பெய்வது போல ஒரு சாதாரண நடப்பு.

அந்த வரியை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். முப்பது வருடங்களாகத் தமிழில் காதல் கதைகள் வாசிக்கிறேன். ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. ‘நீட்டினான், பற்றினாள்’ என்று எழுதினால் போதும், விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆணும் பெண்ணும் என்ற கணக்கில்தான் நம் காதல் வாக்கியங்கள் எல்லாம் ஓடிப் பழகியிருக்கின்றன. இரண்டு பெண்களை அந்த வாக்கியத்துக்குள் விட்டதும் யார் எவர் என்று தெரியாமல் தடுமாறுகிறது. மொழியில் குறை ஒன்றும் இல்லை. அதை அந்தப் பக்கம் நாம் நடக்கவிட்டதே இல்லை.

நான் இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. அவள் பள்ளியில் படித்த காலத்தில், அவளுடைய பையிலிருந்து இப்படியொரு நாவலை ஓர் ஆசிரியை எடுத்து, தாயை அழைத்து, “இது நம் நாட்டில் சட்டவிரோதம், தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். அக்கா பயந்துபோய்ப் புத்தகத்தைப் பழைய நாளிதழில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அது பிறகு கீழே இறங்கவே இல்லை.

சட்டம் என்று சொன்னபடியால் சட்டத்தையே பார்ப்போம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, வெள்ளையர் வைத்துவிட்டுப் போனது. ஒரே பாலார் உறவைத் தண்டிக்கப் பயன்படும் அதன் 365ஏ பிரிவு முதலில் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. 1995இல் திருத்தியபோது ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்ற பொருள்தரும் சொல் வந்தது; அந்த ஒரு சொல்லோடு பெண்களும் குற்றவாளிக் கூண்டுக்குள் வந்தார்கள். அது சரியல்ல என்று பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் சொல்லிவிட்டது. அந்தக் குற்றத்தை நீக்கக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நமது உயர் நீதிமன்றமும் 2023இல் சொன்னது. இத்தனைக்கும் அந்தப் பிரிவில் கதை வாசிப்பதைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. ஒரு தாயைப் பயமுறுத்துவதற்கு முன் அந்தப் பிரிவை ஒருமுறை வாசித்திருக்கலாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“சரி, வாசிக்கட்டும். ஏன் பேயும் மாயமும் உள்ள கதை? நல்ல சமூக நாவலாக வாசிக்கக் கூடாதா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சமூக நாவல்களில் இப்படிப்பட்ட பெண்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1952இல் அமெரிக்காவில் மரிஜேன் மீக்கர் புனைபெயரில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ எழுதியபோது, முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியரே நிபந்தனை போட்டார். இல்லாவிட்டால் தபாலில் புத்தகம் பறிமுதலாகும் என்பது அவருடைய பயம். ஆகவே ஒருத்திக்குப் புத்தி பேதலித்தது, மற்றவள் தான் அவளை விரும்பவே இல்லை என்று முடிவுகட்டினாள். முப்பது வருடங்கள் கழித்து, 1982இல், நான்சி கார்டன் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவலில் இரண்டு மாணவிகளை முடிவில் ஒன்றாகவே விட்டுவைத்தார். 1993இல் கன்சாஸ் நகரில் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். அதைப் பள்ளி நூலகத்திலிருந்து அகற்றியது தவறு என்று 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் புத்தகம் தட்டுக்குத் திரும்பியது. நம் உலகத்தை அப்படியே எழுதினால் நம் உலகத்தின் தண்டனையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாயக்கதையில்தான் தண்டனை இல்லாத ஊர் ஒன்றை முதலில் கட்டிவிட்டு, பிறகு அதற்குள் பெண்களைக் குடியேற்ற முடியும்.

சுகமான ஊர்தான் வேண்டும் என்றும் இல்லை. நட்டாஷா ஙான் 2018இல் எழுதிய ‘கேர்ல்ஸ் ஆஃப் பேப்பர் அண்ட் ஃபயர்’ கொடுமையான கதை. அரக்க அரசன் ஒருவன் வருடந்தோறும் மனித சாதிப் பெண்கள் எட்டுப் பேரை அந்தப்புரத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறான். அந்த வருடம் ஒன்பதாவதாகச் சேர்க்கப்படுகிறவள் லெய். தன்னைப் போலவே பிடித்துவரப்பட்ட ரென் என்பவள் மேல் அவளுக்கு அன்பு உண்டாகிறது. மலேசியாவிலும் இங்கிலாந்திலுமாக வளர்ந்த எழுத்தாளர் அவர். சோளகம் வீசுகிற ஊரில் இருந்து வாசிக்கிற பிள்ளைக்கு அந்தச் சாப்பாடும் சாதிப் படிகளும் அதிகாரத்தின் முன் பெண் உடல் ஒடுங்குகிற விதமும் தூரத்துச் சங்கதிகள் அல்ல. போர்க்காலத்தை இங்கே கழித்த எனக்கே சில பக்கங்களைத் தாண்டுவது கடினமாக இருந்தது.

பெரியவர்களுக்கான நாவல் என்றாலும் தாஷா சூரியின் ‘த ஜாஸ்மின் த்ரோன்’ பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2021இல் வெளிவந்து அடுத்த வருடம் உலக ஃபேன்டஸி விருது பெற்றது. பாழடைந்த கோயிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசியும் அங்கே வேலைக்கு வரும் பணிப்பெண்ணும்தான் கதை. பெயர்கள்: மாலினி, பிரியா. எங்கள் வகுப்பு இடாப்பில் இரண்டு மாலினிகளும் மூன்று பிரியாக்களும் இருந்தார்கள். அந்தப் பெயர்களை அப்படியொரு கதையில் பார்த்தபோது நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

எல்லாமே நல்ல புத்தகங்கள் என்று சொல்ல மாட்டேன். இளவரசன் நின்ற இடத்தில் வாளேந்திய பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டு, மற்றதெல்லாம் பழையபடியே ஓடுகிற நாவல்களும் நிறைய. அவற்றை அவளே பாதியில் மூடிவிடுகிறாள்.

“இது நம்முடைய பண்பாடு இல்லை” என்கிறவர்களிடம் நான் அம்மம்மா சொன்ன அல்லி அரசாணி கதையைத்தான் கேட்பேன். ஆண் வாடையே இல்லாத அரண்மனை, பெண்களே காவல், பெண்களே படை. அல்லி அங்கே குறைவில்லாமல்தான் இருந்தாள். அருச்சுனன் பாம்பாக உருமாறி உள்ளே நுழைந்து, தூங்குகிறவளுக்குத் தாலி கட்டினான். சின்ன வயதில் அந்த இடம் வந்ததும் நான் அம்மம்மாவின் வாயைப் பொத்துவேன். அவன் வராமலே இருந்திருந்தால் அந்த அரண்மனையில் என்ன கதை நடந்திருக்கும் என்று எழுத ஒருவர்கூட இல்லையா?

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் நம் வாவியில் இரவில் எழும் இசையை நீரரமகளிரின் பாட்டாக்கி யாழ் நூலில் வைத்தார். நிலவில் கூடிப் பாடும் நீர்ப்பெண்கள்! ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தாய்வழி அரசுகளை மண்டையை உடைத்துக் கற்பனை செய்கிறார்கள். இங்கே இன்றைக்கும் தாயை வைத்துத்தான் குடி சொல்கிறோம், வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்கிறார். ஒரு ஃபேன்டஸி நாவலுக்கு வேண்டிய பாதிச் சாமான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முற்றத்திலேயே கிடக்கிறது. என் ஆதங்கமெல்லாம் இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்கு அன்பு ஆங்கிலத்தில் கிடைக்கிறது, வசை மட்டும் தமிழில் கிடைக்கிறது. அதைத் தமிழில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பெண்கள் இந்த மாவட்டங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் எதற்காக இவற்றை வாசிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் என் வீட்டுக் குசினிக் கதவு எந்த நேரமும் திறந்தே இருக்கிறது.

அந்த வரிக்கு நாங்கள் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். பெயர்களைப் போட்டுப் பார்த்தோம். நீதிமன்ற வாக்குமூலம் போல இருந்தது. ‘தோழி’ என்று போட்டோம். தலைவனைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். கடைசியில் அவளே எழுவாய்களை எல்லாம் வெட்டிவிட்டாள்: ‘கை நீட்டினாள். பற்றிக்கொண்டாள்.’ யார் நீட்டியது, யார் பற்றியது என்று வாசிக்கிறவருக்குத் தெரியாதே என்றேன். “இரண்டு பேரும்தான் சின்னம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இப்போது வேட்டைப் பகுதிக்கு வந்திருக்கிறாள். கைசாவுக்கு ‘வேட்டுவச்சி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. கடிவாளமும் சேணமும் எனக்குத் தெரிந்தவை, கால் வைத்து ஏறுகிற வளையத்துக்கு அகராதியில் ‘அங்கவடி’ கிடைத்தது. குதிரை மெதுவாக ஓடுவதற்கும் நாலுகால் பாய்ச்சலுக்கும் இடையில் உள்ள நடைகளுக்குத்தான் சொற்கள் போதவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள், கொப்பியில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.