பின்லாந்து ஆயுதப் பதுக்கல்: நினைவுப்பொருள் கதை இல்லை

"போர் முடிந்ததும் பின்லாந்து வீரர்கள் ஆளுக்கொரு துப்பாக்கியை நினைவுக்காக வீட்டில் ஒளித்து வைத்தார்கள், 1945-இல் பிடிபட்டது அதுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி வைத்தவர்களும் இருந்திருப்பார்கள், சரி. ஆனால் 1945-இல் அம்பலமானது ராணுவத் தலைமையகத்து அதிகாரிகள் போட்ட திட்டம். 1944 செப்டம்பரில் சோவியத் யூனியனோடு போர்நிறுத்தம் ஆன பிறகு, சோவியத் படை நாட்டைப் பிடித்துவிடுமோ என்று பயந்து, கெரில்லாப் போருக்காக ராணுவக் கிடங்குகளிலிருந்தே ஆயுதங்களை எடுத்து நாடெங்கும் பதுக்கினார்கள். தலைமையக அதிகாரிகளான வாலோ நிஹ்டிலா, உஸ்கோ ஹாஹ்டி இருவரும்தான் மூளை. உள்ளூர்ப் பொதுமக்களும் கைகொடுத்தார்கள். முதலில் சுமார் 8,000 பேருக்கான ஆயுதம் என்று ஆரம்பித்தது, பல மடங்கு பெருகிவிட்டது. அப்புறம் 1947-இல் இதற்கென்றே முன்தேதியிட்டுச் சட்டம் கொண்டுவந்து (இது தனி வயிற்றெரிச்சல்), ஏறக்குறைய 1,500 பேரைத் தண்டித்தார்கள்.