‘அனைவரும் வருக’ என்று போஸ்டர் அடித்தவர்களுக்கு

சனிக்கிழமை அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் போன எங்கள் தோட்டத்து ஆட்களை, படத்தில் இருக்கிற பாட்டியையும் சேர்த்து, வாசலிலேயே நிறுத்தியது மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும். வாட்சாப்பில் வீடியோ சுற்றி முடிந்தாகிவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது நேற்று ஏற்பாட்டாளர்கள் போட்ட விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான். ‘நூலக விதிமுறைப்படி’, ‘நூலக விதிமுறைக்கு உட்பட்டு’. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், இடம் போதவில்லை போல.

நான் கேட்பது ஒன்றுதான். ரப்பர் தோட்டத்து ஜனங்களை வரைந்து, ‘அனைவரும் வருக’ என்று தமிழில் போஸ்டர் அடித்து, அதைக் கொண்டுவந்து எங்கள் கோயில் சுவரிலேயே ஒட்டிவிட்டு, நம்பி வேன் பிடித்து வந்தவர்களை ‘சிலிப்பர் போட்டிருக்கீங்க, கார்டு இல்ல, ஆன்லைன்ல பதியல’ என்று வெளியே நிறுத்தினால் அது யாருக்கு வைத்த கண்காட்சி?

அந்த ஓவியங்களில் பாதிக்கு மேல் என் கடையில்தான் சட்டம் போட்டது. மரத்துக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான் காசு வாங்கினேன், கூலி வாங்கவில்லை. சொல்லிக் காட்டுகிறாயா என்றால், ஆமாம், சொல்லிக் காட்டத்தான் செய்கிறேன்.

மாணவர்கள் வந்து நூலகத்தில் மாட்டப் போகிறோம் என்றபோது ரொம்ப சந்தோஷப்பட்டவனும் நான்தான். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் இருக்கிற காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும், உங்கள் வீட்டுச் சாமி படங்களைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள் தெரியும். நூலகத்தில் ஏர்கோன் இருக்கிறது, நல்லது. ஜன்னல் பக்கம் மட்டும் மாட்டாதீர்கள், வாட்டர்கலர் வெயிலில் வெளுத்துப் போகும், அருங்காட்சியகங்களில் இந்த மாதிரிப் படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள், நீங்கள் படிக்கிற மேசைக்கே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் அடிக்கும் என்றெல்லாம் பாடம் எடுத்து அனுப்பினேன். கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 1958-இல் தொடங்கியது. நம் ஊரிலிருந்து அதற்குள் கால் வைத்தவர்கள் எத்தனை பேர்? நூலகம் என்றால் பரீட்சைக்குப் படிக்க வருகிற பிள்ளையும் போகிற போக்கில் ஒரு படத்தைப் பார்க்கும். அதனால் நூலகத்தில் ஓவியம் கூடாது என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். மாட்டுங்கள், தாராளமாக மாட்டுங்கள், ஆனால் கதவைத் திறந்துவிட்டு மாட்டுங்கள்.

நூலகம் படிக்கிற இடம், கூட்டம் வந்தால் சத்தம் என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். சரி. திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்தபோது யாரும் படிக்கவில்லையா? மக்கள் பிரதிநிதி ஒய்பி வந்தபோது அவருடன் வந்த கூட்டம் கார்டு காட்டியா உள்ளே போனது?

வாசலில் நிற்கிற காவலாளி, ஜாகா, என்ன செய்வார் என்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். இதில் இனத்தை இழுக்காதே என்று இன்னொருவர். இழுக்கவே இல்லை ஐயா, விளக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் நம்மவர்தான், அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

பல்கலைக்கழக நூலகம் மாணவர்களின் சொத்து, வெளியாட்களுக்கு என்ன உரிமை என்று ரொம்பப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். 1950களில், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளிதழ் வழியாக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களும் ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகக் காசு கொடுத்தார்கள். அங்கே இந்தியவியல் துறை வந்தது 1956-இல். அந்த நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கியதில் அந்த வெள்ளிகளும் உண்டு. அது வேறு பல்கலைக்கழகம் என்பீர்கள். தெரியும். கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள்தானே.

எல்லாவற்றையும்விட எரிச்சல் வந்தது, ‘பாட்டியே ஒண்ணும் சொல்லல, உனக்கு ஏன் வலிக்குது’ என்ற கேள்விக்குத்தான். பாட்டி எப்படிச் சொல்லும்? என் சின்ன வயதில் சம்பள நாளன்று அப்பா என்னைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார். மேலே தாழ்வாரத்தில் கணக்கு எழுதுகிற கிராணியின் மேசை, கீழே வெயிலில் வரிசை. பேர் கூப்பிட்டால்தான் படியேறலாம், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. காசு குறைந்திருந்தால்கூட அப்பா எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுவார், வீட்டுக்கு வந்துதான் அம்மாவிடம் கத்துவார். அந்தக் காலத்து ஆட்கள் அப்படிப் பழக்கப்பட்டவர்கள். அங்கே செருப்பைக் கழற்றினால்தான் மேலே போகலாம், இங்கே சப்பாத்து, அதாவது ஷூ, போட்டால்தான் உள்ளே போகலாம். பெரிய முன்னேற்றம்தான்!

அந்தப் பாட்டி விடியற்காலையில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஓவியம் போட வந்த தங்கச்சி வரைந்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் இருந்தது. இடையில் எழுந்ததுகூட அந்தப் பிள்ளைக்குக் கோப்பி கலக்கிக் கொடுக்கத்தான், கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது. படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிற அட்டையை நீங்கள் படிக்க வேண்டும். 1877-இல் ரப்பர் கன்றுகள் வந்த கதை, கோலகங்சார், அப்போது பேராக்கில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஹியூ லோ துரை, எல்லாம் இருக்கிறது. பாட்டி பேர் இல்லை. ‘பால் வெட்டும் பெண்’ என்று இருக்கிறது. மரத்தை நட்ட துரைக்குப் பேர் உண்டு, ஐந்து மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று, பால் வாளி மாட்டிய காண்டாக் கம்பைத் தூக்கி, அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க அந்த மரத்தில் பால் வெட்டியவளுக்குப் பேர் கிடையாது. வாசலில் ஐசி, அடையாள அட்டை, கேட்டார்களே, அப்போதாவது அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கலாம்.

தோட்டத்தை விற்று, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, அப்புறம் அதையும் தள்ளித் தாமான் என்று வீடுகள் கட்டியாகிவிட்டது. மிச்சமிருக்கிற முகங்களையும் கொண்டுபோய் கார்டு போட்டுத் திறக்கிற கதவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். இதில் ‘சமூகத்தோடு இணைந்து’ என்று போஸ்டரில் வேறு.

கண்காட்சி மாதக் கடைசி வரைக்கும் இருக்கிறதாம். முடிந்ததும் படங்களை இங்கே கொண்டு வாருங்கள். கோயில் மண்டபத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், லாரியும் ஆணியும் என் செலவு. அங்கே மழைக்குக் கூரை ஒழுகும் என்று சொல்பவர்கள் கோயில் நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போடுங்கள், என் பதிவுக்குக் கீழே போடாதீர்கள்.