விரல் அசைந்தால் எலும்பு உடையவில்லை என்பது தவறு

"கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கினால் விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், அசைந்தால் முறிவு இல்லை, சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன, அதனால் நடுவில் ஒரு எலும்பு உடைந்திருந்தாலும் விரல் அசையும்.

கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழும். கையை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் அதற்குள் இருக்கும் படகெலும்பு உடைந்திருக்கலாம். முந்திரிப்பருப்பு அளவுதான் இருக்கும், ஆனால் பொல்லாத எலும்பு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது, நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் செத்தே போகலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமலும் போகும், அதனால்தான் மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே மாவுக்கட்டு போட்டு 10 முதல் 14 நாளில் திரும்ப வரச் சொல்கிறார், வலி குறைந்துவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், கட்டு இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு சேரும் என்பதும் பொய். கட்டுப் போட்டபின் வலி ஏறிக்கொண்டே போய், விரல் மரத்து, நீட்டினால் உயிர் போகிறதென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.