சென்னையின் வயதும் லஸ் காட்டுக்கோயிலும்

ஆகஸ்ட் பிறந்தாலே மெட்ராஸ் டே பதிவுகள் வரிசைகட்டும். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் கொஞ்சம் மணல்வெளி கிடைத்தது. அதைத்தான் நம் ஊரின் பிறந்தநாள் என்கிறோம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

அதே ஆகஸ்டில், ஒரு வாரம் முன்னால், 15-ஆம் தேதி மயிலாப்பூர் லஸ் கோயிலில் மாதா திருவிழா. மிகச் சின்னக் கோயில். கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. பெத்ரோ என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பெயரும் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு 123 வருஷம் முன்னால்! அந்த ஆண்டைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. சரி, அதைத் தள்ளியே வைப்போம். 1520-களில் போர்த்துகீசியர்கள் சாந்தோமில் குடியேறிவிட்டார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர்கள் வந்ததே, அதற்கு முன்பே பெயர்பெற்றிருந்த மயிலாப்பூரைத் தேடித்தான். சம்பந்தர் பூம்பாவைக்காகப் பதிகம் பாடிய ஊர் அல்லவா அது.

கோயில் எழுந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து பத்திரமாகக் கரையேறி, ஒளி மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்களாம். பிரகாச மாதா என்ற பெயர் அதனால்தான். போர்த்துகீசிய மொழியில் லஸ் என்றால் ஒளி. பஸ்ஸில் கண்டக்டர் "லஸ்ஸு, லஸ்ஸு, இறங்கு" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் ஒலிக்கிறது. ஆனால் லஸ் கார்னரில் தினமும் இறங்குகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு கோயில் இருப்பதே தெரியாது. என் அலுவலகத்திலேயே மூன்று பேர் அப்படி.

எனக்கு அதைவிடப் பிடித்த பெயர் காட்டுக்கோயில். அந்த இடம் ஒரு காலத்தில் காடாக இருந்தது என்பதை எந்த ஆவணமும் இல்லாமல் ஜனங்களின் வாய்ச்சொல்லே காப்பாற்றி வைத்திருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் கம்பெனி கட்டிய புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்காமல் இங்கிருந்து ஒரு நடையைத் தொடங்கலாமே? கபாலீசுவரர் கோயில், சாந்தோம் எல்லாம் நடக்கிற தூரம்தான்.

போன சனிக்கிழமை மாலை போயிருந்தேன். வெளியே மெட்ரோ வேலையின் இரைச்சல். உள்ளே பீடத்துக்கு மேலே நீலம் தீட்டிய வளைவு, உருகிய மெழுகின் வாசனை, ஜெபமாலை உருட்டியபடி நாலைந்து பேர். திரும்பும்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மல்லிகைப் பொட்டலத்தோடு இறங்கிய பாட்டி, "காட்டுக்கோயில்னு சொன்னதும் நேரா கொண்டாந்து விட்டுட்டியே, நல்லா இருப்பா" என்றார்.