தர்ஸ்டன் கொடுத்த சான்றிதழ்

சாதிப் பெருமை பேசும் பதிவுகளில் எட்கர் தர்ஸ்டனை அடிக்கடி பார்க்கிறேன். "நாங்கள் ஆண்ட பரம்பரை, வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான்" என்று அவர் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறார்கள். போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்துவிட்டது.

தர்ஸ்டன் டாக்டருக்குப் படித்தவர். லண்டனில் மருத்துவம் முடித்து, 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தார். முதலில் மன்னார் வளைகுடா, முத்துக்குளிப்பு என்று கடல் பக்கம்தான் கவனம். 1894இல் வங்காள ஆசியக் கழகத்திடம் உடலளக்கும் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு நீலகிரிக்குப் போனார். தோடர், கோத்தர், படகரிடம் தொடங்கிய அந்த வேலை, அருங்காட்சியகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய புத்தகமாக 1909இல் ஏழு தொகுதிகளில் வெளிவந்தது.

அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சடங்கு, கல்யாண முறை, வழக்குக் கதை என்று அவ்வளவு சேர்த்திருக்கிறார். ஆனால் அவர் பெரிதாக நம்பியது அளவைத்தான். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஓர் எண் வரும். அதை வைத்து மனிதர்களை இனம் பிரிக்கலாம் என்று அன்றைய அறிஞர்கள் பலர் நினைத்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கே மூக்கு ஒன்றுபோல இருப்பதில்லையே!

வயநாட்டில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். இவரைப் பார்த்ததும் பணியர் என்ற பழங்குடிப் பெண்கள் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்து, பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயம். அடுத்த வரியில், அப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து உருவம் செய்யும் சிரமம் தீர்ந்துவிடுமே என்கிறார். வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாகக் கிடந்த மக்கள் அவர்கள். மருத்துவம் படித்த ஒருவருக்கு அந்தப் பயம் வேடிக்கையாகத் தெரிந்ததை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

அப்புறம், அந்த "ஆண்ட பரம்பரை" கதைகள். அவற்றில் பல, அந்தந்தச் சாதியார் தங்களைப் பற்றிச் சொன்னவை. அவர் குறித்துக்கொண்டார், நம் தாத்தா சொன்னதை அவர் வாயால் திரும்பக் கேட்டு ஆதாரம் என்கிறோம். குழுவிலும் இதைச் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம். பரவாயில்லை.

அந்தத் தொகுதிகளில் படங்கள் நிறைய. பெரும்பாலானவற்றின் கீழே சாதிப் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அன்று ஓடிய பெண்களில் ஒருத்தியின் பெயராவது தெரிந்திருக்கலாம்.