“அடுத்து எப்ப சார் படம் பண்ணப் போறீங்க?”

நேத்து மேடையில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க, வீடியோதான் சுத்திக்கிட்டு இருக்கே. ஒரு டாக்குமெண்டரி (ஆவணப்படம்) இயக்குநருக்கு விருதைக் கையில் கொடுத்துட்டு, கொடுத்தவர் கேட்ட கேள்வி இது. அப்போ அந்த மனுஷர் இத்தனை வருஷம் எடுத்ததெல்லாம் என்ன, கல்யாண வீடியோவா? (கல்யாண வீடியோ எடுக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. உங்களுக்காவது அட்வான்ஸ் உண்டு.)

டாக்குமெண்டரி ஒண்ணும் சினிமாவுக்கு ஏறுற படிக்கட்டு இல்லைங்க.

கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை எடுத்துக்குங்க. 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போற கப்பல்ல காந்தியைப் பத்திப் படம் எடுக்கணும்னு தோணுது. அப்புறம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் மைல் அலைச்சல். யார் யாரோ முப்பது வருஷமா எடுத்து, உலகம் பூரா சிதறிக் கிடந்த பிலிமைத் தேடித் தேடி 50,000 அடி சேர்க்கிறார். அதை 12,000 அடியாக்கி 1940-ல் தியேட்டருக்குக் கொண்டு வர்றார். வெள்ளைக்காரன் ஆட்சி, உலகப் போர் வேற. வயசு முப்பதுகூட ஆகலை. அவர்கிட்டயும் போய் “அடுத்து ஹீரோ யாரு?”ன்னு கேட்பீங்களா?

“விருது கொடுத்தவர் யதார்த்தமாத்தான் கேட்டார், நீங்க ஏன் பெரிசு பண்றீங்க?”னு சிலர் கேட்கிறீங்க. யதார்த்தமா வந்ததாலதான் வலிக்குது. மனசுல இருக்கிறதுதானே வாயில வரும்.

“டாக்குமெண்டரி போரடிக்குது.” சரி, சிலது போரடிக்கும். மூணு மணி நேர மசாலா எதுவும் உங்களுக்கு போரடிச்சதே இல்லையா?

நானும் டாக்குமெண்டரி எடுக்கிற ஆள்தான். ஒரு தறிக்காரர் என் கேமராவைப் பார்த்தாலே எழுந்து போயிடுவார். அதைப் பையிலயே வச்சுட்டு, அவர் பக்கத்துல சும்மா உட்கார்ந்தே நாள் போச்சு. கடைசியில ஒருநாள், அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கிக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம, மகன் ஏன் ஊரை விட்டுப் போனான்னு சொன்னார். படத்துல அது ஒண்ணரை நிமிஷம். அந்தப் படத்தைப் போட்ட இடத்துல எனக்கு ஒரு சால்வை கொடுத்தாங்க. பஸ் காசு கொடுக்கலை. இன்னொரு இடத்துல பாதியில நிறுத்திட்டாங்க, சிறப்பு விருந்தினருக்கு நேரமாச்சாம்.

செட்டியாருக்கே நாம என்ன செஞ்சோம்? அந்தத் தமிழ்ப் படத்தோட முழுப் பிரதியைக்கூடக் காப்பாத்தி வைக்கலை. பின்னாடி சுருக்கின ஆங்கில வடிவம் அமெரிக்காவுல கிடைச்சுது. அங்கே பத்திரமா வச்சிருந்திருக்காங்க.

இன்பாக்ஸ்ல “தோழர், உங்க படம் லிங்க் ப்ளீஸ்”னு கேட்டிருக்கிற நண்பர்களுக்கு: அடுத்த திரையிடல் தேதி சொல்றேன். டிக்கெட் உண்டு. வாங்கிட்டு வாங்க.