பாக்கை பிராஸில் கேட்கப் போகிறீர்களா? டொக்காட்டா வேண்டாம்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கீபோர்டு இசையை ட்ரம்பெட், ட்ராம்போன் போன்ற பித்தளை ஊதுகருவிகளின் குழு, அதாவது பிராஸ், வாசித்துக் கேட்க வேண்டும் என்றால் உடனே எல்லோரும் எடுத்து நீட்டுவது டி மைனர் டொக்காட்டாவைத்தான். முழக்கம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் முழங்குவதற்கு ஆர்கனே போதுமே, ஐந்து பேர் மூச்சைப் பிடித்து ஊத வேண்டுமா? பின்னிக் கிடக்கும் குரல்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி மெட்டுகளை, பிரித்துக் காட்டுவதுதான் பிராஸின் தனி வேலை. அதைக் கேட்க வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

ஒரே அடிப்படையைப் பல விதமாக மாற்றி பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில் 3-ஆவதை எடுங்கள். 1741-இல் அச்சான இந்தப் படைப்பு, இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டு என்ற பழைய கீபோர்டுக்காக எழுதியது. 3-ஆவது வேரியேஷன் ஒரு கேனன். மேலே ஒரு குரல் தொடங்க, ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தள்ளி இன்னொரு குரல் அதே மெட்டை அதே சுருதியில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். ஹார்ப்சிகார்டில் இரண்டுக்கும் ஒரே தொனி, உயரமும் ஒன்று. போதாததற்கு ஒன்றையொன்று குறுக்கே தாண்டிக்கொண்டே இருக்கும். யார் முன்னால், யார் பின்னால் என்று காது திணறிவிடும். கனடியன் பிராஸ் குழுவுக்காக ஆர்தர் ஃப்ராக்கன்போல் ஐந்து வாத்தியங்களுக்கு (இரண்டு ட்ரம்பெட், ஃபிரெஞ்ச் ஹார்ன், ட்ராம்போன், அடிக்குரலுக்கு ட்யூபா) அமைத்த வடிவம் இருக்கிறது. இப்படி ஐவர் வாசிக்கும்போது இரு ட்ரம்பெட்டும் பெரும்பாலும் எதிரெதிர் ஓரத்தில் இருக்கும். ஒரு காதில் கேட்டது மறு காதில் திரும்பி வருவது துல்லியமாகத் தெரியும். இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடமும் வலமும் கலந்துவிடும், வித்தியாசமே தெரியாது.

அடுத்தது பாக்கின் ‘ஆர்ட் ஆஃப் ஃபியூக்’கின் முதல் ஃபியூக். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுவதுதான் ஃபியூக். நான்கு குரல் (மேலிருந்து கீழே சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்), 78 பார். முதலில் ஆல்டோ, 5-ஆவது பாரில் சோப்ரானோ, 9-இல் பேஸ், 13-இல் டெனர். முதலில் ஹார்ப்சிகார்டிலோ பியானோவிலோ இரண்டு முறை கேட்டு அந்த நான்கு பார் மெட்டை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு பிராஸில் கேட்கும்போது ட்ரம்பெட்டை விட்டுவிட்டு நடுக்குரலின் பின்னால் போங்கள். அது முதலிலிருந்து கடைசிவரை காதில் நின்றால் நல்ல பதிவு.

நிற்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. ஹார்ப்சிகார்டில் நரம்பை மீட்டியதும் ஒலி தேயத் தொடங்கும், அதனால் நீண்ட ஸ்வரம் மற்ற குரலுக்குத் தானே வழிவிடும். பிராஸில் ஊதுகிற வரை ஒலி அப்படியே நிற்கும். தொடக்கத்தை அழுத்திவிட்டு உடனே வாசிப்பவர் ஒலியைக் குறைக்காவிட்டால் உள்ளே ஓடும் சின்ன ஸ்வரங்கள் மூழ்கிவிடும். ஃபிரெஞ்ச் ஹார்னின் வாய் பின்பக்கம் திரும்பியிருக்கும். சுவரில் பட்டு வருகிற ஒலி என்பதால் கொஞ்சம் மங்கல். ட்யூபாவில் ஒலி எழவே ஒரு கணம் பிந்தும். பேஸ் மெட்டு இழுத்துக்கொண்டு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மூச்சு இன்னொரு தொல்லை. நான்கு குரலுக்கு ஐந்து பேர் இருப்பதால் மெட்டைக் கைமாற்றிவிட்டு ஒருவர் மூச்சு வாங்கலாம். முடிகிற ஸ்வரத்திலேயே அடுத்தவர் சேர்ந்துகொண்டால் ஒட்டு தெரியாது. மெட்டின் நடுவில் மாற்றினால் பாதி வாக்கியத்தில் ஆள் மாறியதுபோல இருக்கும்.

“பாக் கேட்டிருந்தால் சம்மதிப்பாரா?” என்று ஒரு கூட்டம் எப்போதும் கேட்கும். அவர் காலத்து ட்ரம்பெட்டுக்கு வால்வே (எல்லா ஸ்வரமும் வாசிக்க உதவும் விசை) கிடையாது. வால்வுக்குக் காப்புரிமை 1818-இல், ட்யூபாவுக்கு 1835-இல். ஆகவே இதே குழுவை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் லைப்ஸிக்கில் அவருக்கு ட்ரம்பெட் வாசித்த காட்ஃப்ரீட் ரைக்கே, அதற்கு வெகுமுன்பே 1696-இல், கார்னெட்டோ என்ற பழைய மர ஊதுகருவி ஒன்றுக்கும் ட்ராம்போன் மூன்றுக்குமாக நான்கு குரலில் 24 சிறு துண்டுகளை அச்சிட்டிருந்தார். ஊதுகருவிகளில் குரல் பின்னுவது அந்த ஊருக்குப் புதிதல்ல.

பதிவைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: முதல் ஃபியூக்கின் 70, 71-ஆவது பார்களில் எல்லாக் குரலும் சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் எதிரொலி அடுத்த ஸ்வரம் வரை நீண்டால், அது எதிரொலி மிகுந்த தேவாலயத்தில் எடுத்த பதிவாக இருக்கலாம். முன்னால் வந்த நுணுக்கமெல்லாம் அதே எதிரொலியில் குழைந்திருக்கும், வேறு பதிவு தேடுங்கள். கடைசி டி மேஜர் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களையும்) விடாதீர்கள். பியானோவில் அதன் எஃப் ஷார்ப், சுத்தமான சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி 100 சென்ட்) ஏறி நிற்கும். அதை வாசிப்பவரால் மாற்ற முடியாது. பிராஸில் உதட்டாலும் ட்ராம்போனின் ஸ்லைடாலும் இறக்கலாம், இறக்கினால் கார்டு அசையாமல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

கோல்ட்பெர்க் 14-ஐ மட்டும் தாண்டிவிடுங்கள். அந்தக் கைத்தாவலும் குட்டி அலங்காரங்களும் விரலுக்காகப் பிறந்தவை, உதட்டில் மூச்சிரைக்கும்.